சென்சாரை மாற்றுவதற்கு முன்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. இடது முன்சக்கர சென்சாரைப் புதிதாகப் போட்டும் ஏபிஎஸ் விளக்கு அணையவில்லை, ஸ்கேனரில் அதே சி 0035 கோட் திரும்ப வருகிறது, அடுத்து ஏபிஎஸ் மாட்யூலை மாற்றச் சொல்லிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம், பொறு. மாட்யூல் கெட்டுப்போவது அரிது. விலையோ வண்டிக்காரர் மலைத்துப்போகிற விலை.

சி 0035 என்பது இடது முன்சக்கர வேக சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு என்று மட்டும்தான் சொல்கிறது. சென்சார், அதன் எதிரே சுற்றும் வளையம், வயர், கப்ளர், மாட்யூலின் பின் எல்லாமே அந்த சர்க்யூட்டில் அடக்கம். இதில் எந்த இடம் என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

முதலில் டாஷ்போர்டைப் பார். மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பிடிக்கும். அழுத்திப் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் காக்கிற வசதி மட்டும் இருக்காது. சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை வெளியே விடாதே. பிரேக் ஆயில் மட்டத்தைப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடு.

ஸ்கேனரில் வந்த கோட் எண்ணை அழிக்கும் முன் எழுதி வைத்துக்கொள். பிறகு அதை அழித்து, ஒருவரை ஓட்டச் சொல்லி, நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஸ்கேனரில் நேரலையாகப் பார். நேர் சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று எப்போதும் பூஜ்யத்தில் கிடந்தால் இணைப்பு அறுந்திருக்கலாம். பள்ளத்தில் இறங்கும்போதோ ஸ்டியரிங்கைத் திருப்பும்போதோ மட்டும் விழுந்து எழுந்தால், வயரைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

முன்சக்கர சென்சார் வயர் படும் பாடு கொஞ்சமல்ல. ஸ்டியரிங் திரும்பும் ஒவ்வொரு முறையும் அது மடங்கி நிமிர்கிறது. ஷாக் அப்சார்பரில் கிளிப் போட்டிருக்கும் இடத்தில் மேல் ரப்பர் முழுசாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்துப் பார். அறுந்த இடம் ரப்பர் பேண்டு போல நீளும். நம் ஊரில் எலி கடித்த வயரையும், மழைநீர் புகுந்து பச்சை பிடித்த கப்ளர் பின்னையும் மறந்துவிடாதே.

மீட்டரை எடுப்பதற்கு முன் சென்சார் எந்த வகை என்று தெரிந்துகொள். 1978இல் பாஷ் நிறுவனம் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் ஏபிஎஸ் கொண்டுவந்த காலத்திலிருந்து இருப்பது காந்தமும் சுருளும் கொண்ட வகை. அது தானே மின்சாரம் உண்டாக்கும். கப்ளரைக் கழற்றி ஓம் பார். பெரும்பாலும் ஆயிரம், இரண்டாயிரம் ஓம் என்ற அளவில் இருக்கும். சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் உண்டு. வலது பக்க சென்சாரையும் அளந்து ஒப்பிடு. பிறகு மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து சக்கரத்தைக் கையால் சுற்று. வேகம் கூடக் கூட வோல்ட்டும் ஏற வேண்டும்.

இப்போது வரும் கார்களில் பெரும்பாலும் மற்ற வகைதான். அதற்கு மாட்யூல் மின்சாரம் கொடுக்கும். சென்சார் 7 மில்லி ஆம்பியருக்கும் 14 மில்லி ஆம்பியருக்கும் இடையே மாறி மாறிப் பதில் சொல்லும். இதை ஓம் வைத்துச் சோதிக்காதே. அளவும் பொருள் தராது, சென்சாரும் கெடலாம். கப்ளரைக் கழற்றி, சாவியைப் போட்டு, வண்டிப் பக்க கப்ளரில் மின்சாரம் வருகிறதா பார். சில வண்டிகளில் கோளாறைக் கண்டதும் மாட்யூல் அதை நிறுத்திவிடும். சாவியை அணைத்து மறுபடி போட்டவுடன் அளந்துவிடு. அப்படியும் வரவில்லை என்றால் எத்தனை புது சென்சார் போட்டாலும் பயனில்லை.

அப்போது மாட்யூல் வரைக்கும் உள்ள வயரைப் பார்க்க வேண்டும். பேட்டரியைக் கழற்றி, இரண்டு முனை கப்ளர்களையும் பிரித்துவிடு. ஒரே ஓர் இழை ஒட்டியிருந்தாலும் மீட்டர் பீப் அடித்து நல்ல வயர் என்று சொல்லிவிடும். அதனால் பிரித்த அந்த வயர் வழியாகத் தனி பேட்டரியில் ஒரு சிறு பல்பை எரியவிட்டு, வயரை ஆட்டிப் பார். மங்கினாலோ சிமிட்டினாலோ கோளாறு அங்கேதான். ஊசியால் வயரைக் குத்திச் சோதிக்கும் வழக்கம் உன்னிடம் இருந்தால் விட்டுவிடு. அந்தத் துளையில் தண்ணீர் இறங்கிச் செம்பை அரித்துவிடும். இரண்டு வயரும் முறுக்கி வந்திருந்தால், ஒட்டுப் போட்ட பிறகும் அதே முறுக்கோடு விடு. பக்கத்து வயர்களின் இரைச்சல் சிக்னலில் ஏறாமலிருக்கத்தான் அந்த முறுக்கு. சக்கரத்தை ஒட்டி மடங்கும் பகுதியில் மட்டும் ஒட்டே வேண்டாம், சென்சாரோடு வயரையும் சேர்த்து மாற்று.

வண்டிக்காரரிடம் ஒன்று கேள்: சமீபத்தில் அந்தப் பக்கம் வீல் பேரிங் மாற்றினார்களா? இந்தக் காலத்து பேரிங்குகள் பலவற்றில் ஒரு பக்க சீலில்தான் காந்த வளையம் இருக்கிறது. திருப்பி அடித்துவிட்டால் சென்சாருக்கு எதிரே வெறும் சீல்தான் நிற்கும், சிக்னல் வராது. பேப்பர் கிளிப்பை வைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் காந்தம் என்று தெரியும். பெரிய காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோகாதே, வளையம் பாழாகிவிடும்.

2019 ஏப்ரலிலிருந்து நம் நாட்டில் புதுக் கார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம். இந்த வேலை உனக்கு அடிக்கடி வரும். வேலை முடிந்ததும் சாவியைப் போட்டால் விளக்கு எரிந்து, சில நொடியில் தானாக அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ விளக்கை மறைத்திருக்கலாம். மழையில் குடும்பத்தோடு போகிறவரிடம் செய்யும் பெரிய துரோகம் அது. முதலாளியே சொன்னாலும் அந்த வேலையைச் செய்யாதே.

கப்ளரில் வந்த வோல்ட்டையும் நான்கு சக்கர வேகத்தையும் எழுதி எனக்கு அனுப்பு. அதுவரை எந்த பார்ட்ஸுக்கும் ஆர்டர் போடாதே.

அன்புடன்,
உன் மாமா