மூச்சு என்னும் முதல்: நாகசுரப் பயிற்சி பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

காற்றால் இசைக்கப்பெறும் கருவிகளைத் துளைக்கருவிகள் என வகுத்தனர் தமிழர். வ. புதுப்பட்டி முதல் திருவில்லிபுத்தூர் வரை நம் வட்டாரத்துத் திருமணங்களிலும் கோயில் விழாக்களிலும் முழங்கும் நாகசுரம் அவற்றுள் தலையாயது. இதனைக் கற்க விழையும் இளைஞர் சிலர், "நமக்குத் தம் போதாது" எனக் கருதிப் பின்வாங்குவதுண்டு. அக்கருத்துப் பொருந்துமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூச்சின் அளவு

வளர்ந்த ஒருவர் இயல்பாக ஒருமுறை உள்ளிழுக்கும் காற்று ஏறத்தாழ அரை லிட்டர். நெஞ்சு நிறைய இழுத்து முற்றும் வெளியிட்டால் 3 முதல் 5 லிட்டர் வரை வெளிப்படும். இவ்வுச்ச அளவை உயரம், வயது, பால் ஆகியவையே பெரிதும் வரையறுக்கின்றன. பயிற்சியால் அது மிகுதியாக வளர்வதில்லை. ஆயினும் அன்றாட வாழ்வில் நாம் செலவிடுவது அதில் ஒரு சிறு பகுதியே. எஞ்சிய பகுதியை எடுத்தாளவும், எடுத்ததைச் சிக்கனமாகச் செலவிடவும் பழகுதலே மூச்சுப் பயிற்சி.

உந்தியும் உதரவிதானமும்

எழுத்தொலிக்குரிய காற்று உந்தியிலிருந்து எழுவதாகத் தொல்காப்பியர் பிறப்பியலில் உரைக்கின்றார். "அடிவயிற்றிலிருந்து ஊது" என ஆசான்மார் கூறுவதும் இதனையே. மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழிறங்க, வயிறும் கீழ் விலாவும் விரிகின்றன. தோளை உயர்த்தி இழுப்போர்க்கு மேல்நெஞ்சு மட்டுமே நிறையும், கழுத்தும் இறுகும்.

பயிற்சி முறை

நிமிர்ந்து அமர்ந்து, தோள் அசையாமல், ஓர் எண்ணிக்கைக்குள் மூச்சை நிறைத்தல் வேண்டும். பின்னர் ஒரே சுரத்தை, ஒலி நடுங்காமல், எட்டு எண்ணிக்கை வரை நீட்டுதல் வேண்டும். அது கைவந்தபின் பன்னிரண்டு, பதினாறு என வாரந்தோறும் படிப்படியாக உயர்த்தலாம். தலை சுற்றினால் உடனே நிறுத்துதல் நன்று. இளைப்பு நோயுடையோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்குதல் வேண்டும். புகைபிடித்தலை அறவே விலக்குதல் வேண்டும்.

நாகசுரத்தின் சீவாளி குறுகிய வாயுடையது. அதனூடே செல்லும் காற்று சிறிதாயினும் அதனைச் செலுத்தும் அழுத்தம் பெரிது. ஆகவே, ஊதி முடித்த பின்னும் பயனற்ற காற்று உள்ளே தங்கிவிடும். அதனை வெளியேற்றாமல் புதுமூச்சு இழுப்போர் விரைவில் திணறுவர். முதலில் விடுதல், பின்னர் இழுத்தல் என்பதே முறை. தொடக்கநிலை மாணவர்க்கு மென்மையான சீவாளி ஏற்றது.

ஒத்து ஊதுவோர் இடையறாது ஒரே ஒலியை நிறுத்துவர். கன்னங்களில் தேக்கிய காற்றைக் கருவிக்குள் செலுத்திக்கொண்டே மூக்கால் மூச்சிழுப்பது அவர்தம் நுட்பம். பெரிய நெஞ்சினும் தேர்ந்த பழக்கமே வல்லது என்பதற்கு இது சான்று.

நிறுத்தும் இடம்

திருக்குர்ஆன் ஓதும் முறையாகிய தஜ்வீதில், மூச்சை விட்டு நிறுத்துதலுக்கு 'வக்ஃபு' என்று பெயர். பொருள் சிதையும் இடத்தில் நிறுத்துதல் ஆகாது என்பது ஓதுவோர் அறிந்த நெறி. நாகசுரக் கலைஞரும் கீர்த்தனையின் சொல்லைப் பிளக்காத இடம் அறிந்தே மூச்செடுப்பர். எங்கே நிறுத்துவது என முன்னரே அறிந்தவர்க்கு உள்ள மூச்சு போதியதாகும்.

இரு கலைஞர்கள்

தென்பாண்டி நாட்டுக் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964), திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் மாணவர். ஆந்திரத்துக் கரவடியில் 1924இல் இசுலாமியக் குடும்பத்தில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா, தஞ்சைப் பாணியை விரும்பிக் கற்றுத் திருவரங்கத்தில் குடியேறினார்; 1998இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார்; 1999இல் மறைந்தார். ஊரும் மொழியும் சமயமும் இக்கலைக்கு வேலியாகவில்லை என்பதற்கு அவர்தம் வாழ்வே சான்று.

முடிவுரை

பிறப்பில் அமைந்த மூச்சின் அளவு ஒருவர் பெற்ற முதல். அதனை ஆளும் திறம் நாள்தோறும் ஈட்டுவது. "தம் போதாது" எனத் தயங்கும் மாணவர் கடிகாரத்தை முன்வைத்து ஒரு திங்கள் பயின்று பார்ப்பாராக. எண்ணிக்கை உயர்வதை அவர்களே காண்பர்.