இரண்டு ஃபார்ம் 16, ஒரே ஆள்

அன்புள்ள கயல்,

இரண்டு கம்பெனியிலும் வரி பிடிக்கவே இல்லை, அதனால் ரிட்டர்ன் பத்து நிமிஷ வேலைதான் என்று எழுதியிருந்தாய். பிடிக்கவில்லை என்பதுதான் எனக்குக் கவலை.

2025 அக்டோபரில் வேலை மாறினாய். பழைய இடத்தில் மாதம் ஒரு லட்சம். வருஷம் முழுக்க இருந்தாலும் 12 லட்சம்தானே, 75,000 ரூபாய் நிலைக்கழிவு போனால் வரி வராது என்று விட்டுவிட்டார்கள். புது இடத்தில் ஒன்றரை லட்சம் வீதம் ஆறு மாதத்துக்கு ஒன்பது லட்சம். பழைய சம்பளத்தை நீ அவர்களிடம் சொல்லவில்லை. (அதற்கு ஃபார்ம் 12பி என்று ஒன்று உண்டு, வேலையில் சேரும் நாளில் நீட்டுகிற காகிதக் கட்டில் அதை யார் தேடுகிறார்கள்?) அவர்கள் கணக்கிலும் வரி இல்லை. ஆனால் வருமான வரித் துறைக்கு உன் பான் எண் ஒன்றுதான். பழைய இடத்தின் ஆறு மாதத்துக்கு ஆறு லட்சமும் புது இடத்தின் ஒன்பதும் சேர்ந்து 15 லட்சம். நிலைக்கழிவும் ஒரே முறைதான், ஆக 14.25 லட்சம். புதிய வரி முறையில் முதல் நான்கு லட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த நான்குக்கு 5 சதவீதம், அதற்கடுத்த நான்குக்கு 10, மிச்சமுள்ள 2.25 லட்சத்துக்கு 15. மொத்தம் 93,750. செஸ் 4 சதவீதம் சேர்த்தால் 97,500 ரூபாய்.

12 லட்சம் வரை வரியே கிடையாதே என்பாய். அது அந்தக் கோட்டுக்குள் நிற்பவர்களுக்கான தள்ளுபடி. சற்றே தாண்டியவர்களுக்கும் கொஞ்சம் சலுகை உண்டு. நீ நன்றாகவே தாண்டிவிட்டாய்.

கம்பெனி தருகிற ஃபார்ம் 16 உன் சம்பளத்தை மட்டுமே சொல்லும். துறையின் இணையதளத்தில் ஏ.ஐ.எஸ். என்கிற ஆண்டுத் தகவல் அறிக்கையை இறக்கிப் பார். சேமிப்புக் கணக்கு வட்டி, டிவிடெண்ட், விற்ற மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் அதில் இருக்கும். எஃப்.டி. வட்டியில் வங்கி 10 சதவீதம் பிடித்துவிட்டால் அதோடு தீர்ந்தது என்று நினைக்காதே. முழு வட்டியையும் வருமானத்தில் காட்டி, பிடித்ததைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஃபண்ட் விற்றதில் குறுகிய கால லாபம் இருந்தால் ஐ.டி.ஆர்.-1 ஆகாது, 2-ஐ எடு. ஏ.ஐ.எஸ்.ஸிலும் தப்பு வரும். பாஸ்புக்கோடு ஒத்துப் பார்த்து, பொருந்தாததை அங்கேயே மறுத்துப் பதிவு செய்.

ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், அதில் எனக்கு இவ்வளவு என்று பேரம் பேசுகிற ஏஜென்ட் பக்கம் போகாதே. அவர் இல்லாத வாடகையையும் கொடுக்காத நன்கொடையையும் எழுதுவார். பொய்க் கணக்குக்கு அபராதம் ஏய்த்த வரியில் 200 சதவீதம். நோட்டீஸ் உன் பெயருக்குத்தான் வரும், அவர் பெயருக்கு அல்ல.

அனுப்பிய பிறகு 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. போட்டுச் சரிபார்த்துவிடு. அது இல்லாத ரிட்டர்ன் செல்லாது.

ஜூலை 31 வரை நாள் இருக்கிறதே என்று தள்ளிப்போடாதே. முன்கூட்டிக் கட்டாத வரிக்கு ஏப்ரலிலிருந்தே மாதம் ஒரு சதவீதம் வட்டி ஏறுகிறது. முதலில் வட்டியோடு வரியைக் கட்டு, அந்தச் சலான் எண்ணைப் போட்டு ரிட்டர்னை அனுப்பு. பணம் போதவில்லை என்றால் உன் அம்மாவிடம் சொல்லாதே, எனக்கு ஃபோன் செய்.

அன்புடன்,
மாமா