பொதுவில் வைப்பது, தனியே வைப்பது



பத்து ஃப்ரீபிஎஸ்டி ஜெயில்களிலும் அதே பைத்தான், அதே போஸ்ட்கிரெஸ். தனித்தனியாக அப்டேட் செய்து அலுத்துவிட்டது, ஒரே இடத்தில் இன்ஸ்டால் செய்து எல்லாவற்றுக்கும் பகிரலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் பகிரலாம். ஆனால் எதைப் பகிர்கிறாய் என்பதில் கறாராக இரு.

2000இல் ஃப்ரீபிஎஸ்டி 4.0 ஜெயிலைக் கொண்டுவந்தபோதே கர்னல் எல்லாருக்கும் பொதுதான். அதற்கு மேலே உள்ள ஃபைல்களில் எவற்றைப் பொதுவாக்குவது என்பது உன் முடிவு. ஒரு டைரக்டரியை நல்எஃப்எஸ் மூலம் ஜெயிலுக்குள் மவுண்ட் செய்தால், நகல் எடுக்காமலே அது உள்ளே தெரியும். வட்டில் மிச்சமாகும் இடத்தை நான் பெரிதாக நினைப்பதில்லை. அடியில் இருப்பது ஒரே ஃபைல் என்பதால், லைப்ரரியின் நிரல் பகுதி நினைவகத்திலும் ஒரே முறைதான் ஏறும். எனக்குப் பிடித்த லாபம் அதுதான்.

மவுண்டை ரீட்-ஒன்லியாகவே வை. இதில் சமரசமே கூடாது. எழுத விட்டால், ஒரு ஜெயிலில் ரூட்டைக் கைப்பற்றியவன் மற்ற ஒன்பதிலும் ஓடப்போகும் நிரலை மாற்றிவிடுவான். பகிர வேண்டியது பேக்கேஜ்கள் இறங்கும் யூஎஸ்ஆர்-லோக்கல் டைரக்டரி. ஆனால் ஹோஸ்டின் சொந்த யூஎஸ்ஆர்-லோக்கலைக் கொடுக்காதே. இன்ஸ்டால் செய்வதற்கென்றே ஒரு மாதிரி ஜெயிலை வைத்துக்கொள். மற்றவை அதிலிருந்து படிக்கட்டும்.

சிக்கல் யூஎஸ்ஆர்-லோக்கலுக்குள்தான் இருக்கிறது. நிரலோடு கான்ஃபிக் வைக்கும் இடிசி டைரக்டரியும் அதற்குள்ளேயே கிடக்கும். ஒவ்வொரு ஜெயிலுக்கும் சொந்தமாக ஓர் இடிசியை அதன்மேல் மவுண்ட் செய். சர்வீஸைத் தொடங்கும் ஆர்சி ஸ்கிரிப்டுகளும் அங்கேதான் என்பதால் அவற்றையும் நகலெடுத்து வை. இல்லாவிட்டால் நிரல் இருக்கும், சர்வீஸ் கிளம்பாது. போஸ்ட்கிரெஸ் பேக்கேஜ் தனக்கென ஒரு யூசரை உருவாக்கும். மாதிரி ஜெயிலில் மட்டுமே அந்த யூசர் இருப்பார். மற்றவற்றில் நீதான் அதே எண்ணோடு சேர்க்க வேண்டும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. எந்தெந்த பேக்கேஜ் இருக்கிறது என்ற பதிவு யூஎஸ்ஆர்-லோக்கலில் இல்லை, வார் டைரக்டரியில் இருக்கிறது. ஆகவே பகிர்வை வாங்கும் ஜெயிலுக்குள் நின்று பாதுகாப்புத் தணிக்கை ஓட்டினால், ஓட்டையுள்ள லைப்ரரி கண்ணெதிரே இருந்தும் குறை எதுவும் சொல்லாது. அதை நம்பிவிடாதே. தணிக்கையை மாதிரி ஜெயிலில் ஓட்டு.

சோலாரிஸ் 10 இதையே 2005இல் ஸ்பார்ஸ் ஜோன் (ஜோன் என்பது அங்கே ஜெயில் போன்றது) என்று தந்தது: யூஎஸ்ஆர், லிப் முதலிய நான்கு டைரக்டரிகள் முதன்மை ஜோனிலிருந்து ரீட்-ஒன்லியாக வரும். 2011இல் வந்த சோலாரிஸ் 11 அதைக் கைவிட்டது. இப்படிப் பகிர்வதில் ஒரு குறை உண்டு: எல்லாருக்கும் ஒரே வெர்ஷன்தான். ஒரு ஜெயிலுக்குப் பழைய பைத்தான் வேண்டுமென்றால், தயங்காமல் அதைப் பகிர்விலிருந்து பிரித்துத் தனியே இன்ஸ்டால் செய்.

மாதிரி ஜெயிலை அப்டேட் செய்ததோடு வேலை முடியாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் புராசஸ் பழைய லைப்ரரியைத்தான் பிடித்திருக்கும். பத்து ஜெயிலிலும் சர்வீஸ்களை ரீஸ்டார்ட் செய்த பிறகே ஓட்டை அடைபடும்.