இரண்டாவது காலணியின் முன்னால்

அன்புள்ள தம்பி,

பேராசையால் கெட்டவர்களைப் பற்றிய அரபுப் பழமொழிகளை மேடையில் சொல்லப்போவதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. ஆனால் நீ அனுப்பிய பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆங்கிலப் பழமொழி நிற்கிறதே தவிர, கதையைக் காணோம். கதைசொல்லிக்கு அதுதானே முதல்?

"ஹுனைனின் காலணிகளோடு திரும்பினான்" என்பதைப் பார். நிஷாபூரில் வாழ்ந்து 1124-இல் மறைந்த மைதானி, தம் பெருந்தொகுப்பில் இதன் கதையைச் சொல்கிறார். ஹுனைன் ஹீரா நகரத்தில் செருப்புத் தைப்பவன். பாலைவன நாடோடி ஒருவன் அவனிடம் வெகுநேரம் பேரம் பேசிவிட்டு வாங்காமலே போகிறான். ஆத்திரமடைந்த ஹுனைன், அவன் போகும் வழியில் ஒரு காலணியையும் இன்னும் தள்ளி மற்றதையும் போட்டுவிட்டு மறைந்துகொள்கிறான். முதலாவதைக் கண்ட நாடோடி, ஜோடி இருந்தால் எடுக்கலாம் என்று கடந்து போகிறான். இரண்டாவதைக் கண்டதும் மனம் பொறுக்கவில்லை. ஒட்டகத்தை அங்கேயே விட்டு, வந்த வழியே திரும்பி நடக்கிறான். ஹுனைன் ஒட்டகத்தைச் சுமையோடு ஓட்டிக்கொண்டு போய்விடுகிறான். நாடோடி ஊர் சேர்ந்தபோது கையில் இருந்தவை அந்தக் காலணிகள் மட்டுமே.

இரண்டாவது காலணியின் முன்னால் அவன் நிற்கும் நொடியில் நிதானி. அவன் கெட்டவனல்லன், கணக்குப் பார்ப்பவன். அந்தக் கணக்கைச் சபையும் அவனோடு சேர்ந்து போட வேண்டும். இதற்கு ஈடாக நீ எழுதியிருக்கும் "எல்லாம் பற்றினால் எல்லாம் போகும்" என்ற ஆங்கிலப் பழமொழி பாதிதான் பொருந்தும். அரபு மக்கள் இதைப் பெரும்பாலும் போன காரியம் கைகூடாமல் திரும்புகிறவனுக்கே சொல்கிறார்கள்.

கொம்பு தேடிப்போன கழுதை காதறுந்து திரும்பிய பழமொழிக்கு, கம்பளி தேடிப்போய் மொட்டையாகத் திரும்பியவர்களைச் சொல்லும் ஆங்கிலப் பழமொழி நெருக்கமானது. ஆனாலும் மயிர் மறுபடி வளரும், காது வளராது. அதைச் சொல்லும்போது உன் குரலில் அந்தக் கடுமை இருக்கட்டும். பொன்முட்டை வாத்தை ஆங்கிலேயர் கணக்கில் சேர்க்காதே. அது கிரேக்க ஈசாப்பின் பெயரில் வழங்கும் கதை.

உன் பட்டியலில் அஷ்அப் இல்லாதது எனக்குப் பெரிய குறை. எட்டாம் நூற்றாண்டில் மதீனாவில் வாழ்ந்தவன், அரபியில் பேராசைக்கே அளவுகோல் ஆனவன். தொல்லை கொடுத்த பிள்ளைகளை விரட்ட, அதோ ஒரு வீட்டில் விருந்து நடக்கிறது என்று பொய் சொல்கிறான். பிள்ளைகள் ஓடுகிறார்கள். ஒருவேளை உண்மையாகவே இருந்துவிட்டால்? அவனும் பின்னாலேயே ஓடுகிறான். இவனுக்கு ஆங்கிலத்தில் ஈடு தேடாதே. சபை சிரித்து முடிக்குமுன் "பேராசை பெருநஷ்டம்" என்றும் சொல்லிவிடாதே.

பட்டியலில் பாதியை வெட்டிவிட்டு, இந்த மூன்றையும் கதையாக எழுதி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்