குளிரில் டீசல் கார் ஸ்டார்ட் ஆகலையா? பேட்டரி வாங்கும் முன் ஹீட்டர் பிளக்கைப் பாருங்க!

டிசம்பர், ஜனவரியில் ஊட்டி பக்கம் உறைபனி கொட்டும். சமவெளியில் சாவியைத் திருப்பியதுமே கிளம்புகிற டீசல் கார், அங்கே ஒரு ராத்திரி வெளியில் நின்றால் காலையில் அடம் பிடிக்கும். "பேட்டரி போச்சு", "இன்ஜெக்டர் போச்சு" என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பல நேரம் காரணம், பேனா அளவே இருக்கிற ஒரு சின்ன பொருள்தான்: குளோ பிளக். நம்ம ஊர் மெக்கானிக் ஷெட்டில் இதன் பெயர் ஹீட்டர் பிளக். எது பழுது என்று தெரிந்துகொண்டு ஷெட்டுக்குப் போனால் தேவையில்லாத செலவு மிச்சம்.

ஹீட்டர் பிளக் என்ன செய்கிறது?

பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக் தீப்பொறி தரும். டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை இறுக்கும்போது உண்டாகிற சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். என்ஜின் சில்லென்று இருந்தால் அந்தச் சூட்டை இரும்பு உறிஞ்சிவிடும். டீசல் சரியாகப் பற்றாது.

அதனால்தான் சிலிண்டருக்கு ஒன்றாக ஹீட்டர் பிளக் வைக்கிறார்கள். 4 சிலிண்டர் வண்டியில் 4 பிளக், 3 சிலிண்டர் வண்டியில் 3. இதன் நுனி சில விநாடிகளில் 800 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகும். சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் சுருள் கம்பி மாதிரி மஞ்சள் விளக்கு எரிகிறதே, அது இதற்குத்தான். குளிர் காலையில் அந்த விளக்கு அணைந்த பிறகே செல்ஃப் அடிக்க வேண்டும்.

சமவெளியில் காற்றே சூடாக இருப்பதால், ஒன்றிரண்டு பிளக் செத்துப்போனாலும் வண்டி கிளம்பிவிடும். பழுது நமக்குத் தெரியவே தெரியாது. மலைக்குப் போகும்போதுதான் மாட்டிக்கொள்வோம்.

அறிகுறியை வைத்துப் பிரித்துப் பாருங்கள்

• செல்ஃப் மெதுவாக, இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? முதலில் பேட்டரியையும் அதன் டெர்மினலையும் பாருங்கள்.

• செல்ஃப் நன்றாக அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை, சைலன்சரில் டீசல் வாசத்தோடு வெள்ளைப் புகை வருகிறதா? ஹீட்டர் பிளக் மீது சந்தேகம் வரலாம்.

• ஸ்டார்ட் ஆகி, ஒரு நிமிஷம் குலுங்கி மிஸ்ஸிங் அடித்து, பிறகு சரியாகிவிடுகிறதா? ஒன்றிரண்டு பிளக் மட்டும் போயிருக்கலாம்.

• என்ஜின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லையா? இது ஹீட்டர் பிளக் வேலையாக இருக்க வாய்ப்பு குறைவு. கூலண்ட் அளவு குறைகிறதா என்று பார்த்து, உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

உங்கள் ஸ்மார்ட்போனும் உதவும். காலையில் முதல் ஸ்டார்ட்டை, புகையும் சத்தமும் பதிவாகும்படி வீடியோ எடுத்து வையுங்கள். ஷெட்டுக்குப் போவதற்குள் என்ஜின் சூடாகிவிடும், அறிகுறி மறைந்துவிடும். ஓபிடி வசதி உள்ள கார் என்றால், ப்ளூடூத் ஓபிடி கருவியை மாட்டி செயலியில் பிழைக் குறியீட்டைப் படிக்கலாம். பி0671 முதல் பி0674 வரை வந்தால், முறையே 1 முதல் 4 வரையிலான சிலிண்டரின் ஹீட்டர் பிளக் சர்க்யூட்டில் பழுது. பி0380 என்றால் மொத்த ஹீட்டர் சர்க்யூட்டையும் பார்க்க வேண்டும்.

மல்டிமீட்டர் இருந்தால் இரண்டே சோதனை

என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே செய்யுங்கள். சூடாக இருந்தால் பல கார்களில் பிளக்குக்குக் கரண்டே போகாது. கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக் போட மறக்காதீங்க.

1. கரண்ட் வருகிறதா?
மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு வயரை பேட்டரி நெகட்டிவிலும், சிவப்பு வயரை பிளக்கின் தலையிலும் தொடுங்கள். இன்னொருவர் சாவியை ஆன் செய்யட்டும். பழைய வகை 12 வோல்ட் பிளக் என்றால், பேட்டரி வோல்ட்டேஜ் அளவுக்குச் சில விநாடியாவது காட்ட வேண்டும். எந்தப் பிளக்கிலும் ஒன்றுமே காட்டவில்லையா? ஃபியூஸ், ரிலே, வயரிங் ஆகியவற்றில்தான் கோளாறு. இந்த நிலையில் பிளக்கை மாற்றினால் பணம்தான் வீண்.

2. பிளக் உயிரோடு இருக்கிறதா?
சாவியை ஆஃப் செய்து, பிளக்கின் வயரைக் கழற்றுங்கள். எல்லாப் பிளக்கையும் இணைக்கும் உலோகப் பட்டை இருந்தால் அதையும் கழற்ற வேண்டும். இல்லையென்றால் நல்ல பிளக், செத்த பிளக்கை மறைத்துவிடும். மீட்டரை ஓம்ஸில் வைத்து, ஒரு முனையைப் பிளக் தலையிலும் மறுமுனையை என்ஜின் உலோகத்திலும் தொடுங்கள். நல்ல பிளக் பொதுவாக 2 ஓமுக்குள் காட்டும். மற்றவற்றோடு ஒப்பிட்டும் பாருங்கள். மீட்டர் எண்ணே காட்டாமல் 'ஓப்பன்' என்று நின்றால் அந்தப் பிளக் போய்விட்டது.

எச்சரிக்கை: புதிய கார்கள் பலவற்றில் 12 வோல்ட்டுக்கும் குறைவான பிளக்தான் இருக்கும். அதை நேரடியாக பேட்டரியில் கொடுத்துச் சோதித்தால் எரிந்துபோகும்.

மாற்றும்போது கவனம்

சோதனை வரை நீங்கள் செய்யலாம். கழற்றுவதை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. வருஷக்கணக்கில் கரி பிடித்த பிளக்கை முரட்டுத்தனமாகத் திருகினால், அது உடைந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பிறகு ஹெட்டையே இறக்க வேண்டிய நிலைகூட வரும். சின்ன வேலை பெரிய செலவாகிவிடும். முந்தின நாளே துருநீக்கி ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டு, என்ஜின் இளஞ்சூட்டில் இருக்கும்போது மெதுவாகக் கழற்றச் சொல்லுங்கள். புதியதை, கம்பெனி கையேட்டில் உள்ள டார்க் அளவில்தான் முறுக்க வேண்டும்.

கழற்றிய பிளக்கின் நுனியையும் பாருங்கள். உருகியோ அரித்தோ இருந்தால் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டரையும் சோதிக்க வேண்டும். எல்லாப் பிளக்கும் ஒரே சமயத்தில் எரிந்திருந்தால் ரிலே ஆனிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் புதிய பிளக்கும் சீக்கிரமே போய்விடும்.

வண்டி கிளம்பவில்லை என்று ஈத்தர் கலந்த ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயை மட்டும் அடிக்காதீங்க. சிவந்திருக்கும் பிளக்கில் அது பட்டால் வெடித்து என்ஜினே சேதமாகும்.

பில் கேளுங்க, பழைய பாகமும் கேளுங்க

வேலைக்கு முன்பே எந்தச் சோதனையில் என்ன தெரிந்தது, எத்தனை பிளக், என்ன விலை என்று எழுதி வாங்குங்கள். வேலை முடிந்ததும் பில்லோடு பழைய பிளக்கையும் கேட்டு வாங்கி, போனில் படமெடுத்து வையுங்கள். மாற்றாத பாகத்துக்குப் பணம் வாங்கினாலோ பில் தர மறுத்தாலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது.

மலைப் பயணம் போகும் முன் ஒருமுறை இந்த இரண்டு சோதனையையும் செய்துவிடுங்கள். கையில் குழந்தையோடு பனியில் நின்றுகொண்டு மெக்கானிக்கைத் தேடுவதைவிட, வீட்டு வாசலில் பத்து நிமிஷம் மீட்டர் பிடிப்பது சுலபம்!