குவார்ட்ஸ் மேடைக்கல்லும் கண்ணுக்குத் தெரியாத தூசியும்

கேள்வி: கிரானைட் மேடைக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். இப்போது வருகிறவர்களில் பலர் சமையல் மேடைக்குக் குவார்ட்ஸ்தான் வேண்டும் என்கிறார்கள். அந்தத் தூசி கிரானைட் தூசியை விடக் கெடுதல் என்று கேள்விப்பட்டேன். எங்கள் மூத்த தொழிலாளியோ, "இருபது வருஷமா கிரானைட் தூசியில நிக்கிறேன், எனக்கு என்ன ஆச்சு? இதுல வர்றது வெறும் ரெசின் வாடைதான்" என்கிறார். பட்டறையில் தண்ணீர் விட்டுத்தான் அறுக்கிறோம். அது போதாதா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: கல் தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் பிளேடு விலையும் பாலிஷ் முறையும்தான் கேட்பார்கள். நீங்கள் அறுப்பவருடைய நுரையீரலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி; அதற்குள் இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் வாடை. குவார்ட்ஸ் பலகை என்பது குவார்ட்ஸ் கல்லைத் தூளாக்கி, ரெசின் என்ற பிசினோடு கலந்து, அழுத்திச் சுட்டுச் செய்வது. பிளேடு சூடேறும்போது அந்தப் பிசின் வாடை அடிக்கிறது. கண் எரியலாம், தலை வலிக்கலாம். அதனால் எல்லோரும் கெடுதல் வாடையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். ஆனால் பலகையில் பிசின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்சமெல்லாம் படிகச் சிலிகா, அதாவது மணலிலும் இருக்கிற அதே கனிமம். நுரையீரலைக் கெடுப்பது அதுதான். அதற்கு வாசனையே கிடையாது.

கிரானைட்டிலும் சிலிகா உண்டு. கல்லுக்குக் கல் மாறும், சுமாராக 30 சதவீதம். பளிங்கில் மிகக் குறைவு. குவார்ட்ஸ் பலகையில் 90 சதவீதத்துக்கு மேல். ஒரே பிளேடு, ஒரே ஆள், ஒரே நேரம் என்றாலும் உள்ளே போகிற சிலிகா இரண்டு மூன்று மடங்கு. 2025 வரை நடப்பில் இருந்த நம் நாட்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையில் இதற்கு ஒரு கணக்கு இருந்தது: 10-ஐ, தூசியில் இருக்கும் சிலிகா சதவீதத்தோடு 2 கூட்டி வருகிற எண்ணால் வகுக்க வேண்டும். ஒரு கன மீட்டர் காற்றில் அத்தனை மில்லிகிராம் நுண்தூசிதான் இருக்கலாம். தூசியில் சிலிகா 30 சதவீதம் என்றால் 0.31 மில்லிகிராம், 90 சதவீதம் என்றால் 0.11. தூள் உப்பில் இரண்டு மணியின் எடைதான் அது. ஒரு கன மீட்டர் காற்றில் அவ்வளவு கலந்தாலே அந்த வரம்பு முடிந்துவிடும்.

அடுத்த தவறான நம்பிக்கை, வெள்ளையாகப் பறக்கிற தூசிதான் ஆபத்து என்பது. கண்ணுக்குத் தெரிகிற துகள் பெரியது. மூக்கிலும் தொண்டையிலும் சிக்கி, சளியோடு வெளியே வந்துவிடும். ஆழத்துக்குப் போவது சுமார் 4 மைக்ரானும் அதற்குக் குறைந்ததும். மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். ஒரு மைக்ரான் துகள் காற்று அசையாத அறையில் ஆள் உயரத்திலிருந்து தரைக்கு இறங்கச் சில மணி நேரம் எடுக்கும். "தூசி அடங்கிடுச்சு" என்று முகமூடியைக் கழற்றிவிட்டு டீ குடிக்கிற நேரத்தில்தான் அது மிதந்துகொண்டிருக்கிறது.

உள்ளே போனபின் நடப்பது இது. நுரையீரலின் காற்றுப் பைகளில் அந்நியப் பொருளை விழுங்கிச் செரிக்கும் காவல் செல்கள் இருக்கின்றன. அவை சிலிகாவை விழுங்கும். ஆனால் செரிக்க முடியாமல் செத்துப்போகும். துகள் மறுபடி வெளியே வரும். அடுத்த செல் விழுங்கும். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் தழும்பு விழுகிறது. தழும்பு விழுந்த நுரையீரல் விரியாது. இதுதான் சிலிகோசிஸ். வேலையை விட்ட பிறகும் இது வளரலாம். குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை. சிலிகா புகுந்த நுரையீரலில் காசநோயும் எளிதாகப் பிடிக்கும். இரண்டுக்கும் இருமல், இளைப்பு, எடைக்குறைவு என்று அறிகுறிகள் ஒன்றே. அதனால் சிலிகோசிஸை வெறும் காசநோய் என்று எண்ணி மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டவர்கள் நம் நாட்டில் நிறையப் பேர்.

உங்கள் மூத்த தொழிலாளியின் அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் சொல்வது சாட்சியாகாது. கிரானைட் போன்ற தூசியில் இந்நோய் பத்து, இருபது ஆண்டு சத்தமில்லாமல் வளரும். மாடி ஏறும்போது மூச்சு வாங்குவதை வயசு என்று நினைத்துக்கொள்வோம். நோய் வந்தவர்கள் எப்போதோ தொழிலை விட்டுப் போயிருப்பார்கள். பட்டறையில் நின்று பேசுவது மிஞ்சியவர்கள்தான். குவார்ட்ஸில் அந்த அவகாசமும் கிடையாது; அறுக்கத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே முப்பதுகளில் இருப்பவர்களுக்கு நோய் வந்ததை இஸ்ரேல், ஸ்பெயின், ஆஸ்திரேலியா, கலிஃபோர்னியா மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சிலருக்கு நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை வரை போயிற்று. உங்கள் மூத்த தொழிலாளியையும் பட்டறையில் மற்ற எல்லோரையும் மார்பு எக்ஸ்ரேயும், ஸ்பைரோமெட்ரி எனப்படும் ஊதிப் பார்க்கும் சோதனையும் எடுக்கச் சொல்லுங்கள். மருத்துவரிடம் முதல் வாக்கியமே "நான் கல் அறுக்கிறவன்" என்று இருக்கட்டும்.

இனி தண்ணீர். அது பெரிய உதவி, விடாதீர்கள். ஆனால் முழுக் காவல் இல்லை. பிளேடிலிருந்து தெறிக்கிற நீர்த்துளியோடும் சிலிகா பறக்கும். தொட்டியில் தேங்கிய கலங்கல் நீரையே திரும்பத் திரும்பச் சுழற்றினால் சிலிகாவையே தெளிக்கிறோம். தரையில் வழிந்த சேறு காய்ந்ததும் மறுபடி தூசி. ஆகவே சேறு ஈரமாக இருக்கும்போதே கழுவிவிட வேண்டும். விளக்குமாறும் வேண்டாம், கம்ப்ரசர் காற்றால் துணியை ஊதிக்கொள்வதும் வேண்டாம். ஈரத்தில் மின் கருவி என்பதால் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்த உடன் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். முடிந்தால் காற்றழுத்தத்தில் ஓடும் பாலிஷ் கருவிக்கு மாறிவிடுங்கள். வெட்டும் இடத்திலேயே தூசியை இழுக்கும் உறிஞ்சு குழாயும் தேவை. கைக்குட்டை எதையும் தடுக்காது. என்95 முகமூடி தடுக்கும், ஆனால் முகத்தோடு ஒட்டி இருந்தால்தான். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று நுழைந்துவிடும். ஆஸ்திரேலியாவில் முதலில் உலர் வெட்டைத் தடுத்தார்கள். அதுவும் போதவில்லை என்று 2024 ஜூலை 1 முதல் குவார்ட்ஸ் மேடைக்கல்லையே தடை செய்துவிட்டார்கள். உலகில் முதல் நாடு அதுதான்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். என் அனுபவத்தில் இதுதான் முக்கியம். மிக மோசமான தூசி உங்கள் பட்டறையில் எழுவதில்லை. வாடிக்கையாளர் வீட்டில் எழுகிறது. பட்டறையில் தண்ணீர் விட்டு அறுத்த அதே ஆள், வீட்டில் கல் பதிக்கும்போது சுவர் இடிக்கிறது, அடுப்பு உட்காரவில்லை, குழாய்க்கு ஓட்டை வேண்டும் என்று கை கிரைண்டரை எடுத்து உலர்வாக ஓட்டுகிறார். ஜன்னல் மூடிய சமையலறை. புது டைல் கெடும் என்று தண்ணீரும் விட முடியாது. பட்டறையில் நாள் முழுக்கத் தவிர்த்தது இங்கே கால் மணி நேரத்தில் உள்ளே போய்விடும்.

இதற்குக் காரணம் ஆளின் அலட்சியம் இல்லை, அளவுதான். சுவர் மூலை சரியான 90 டிகிரியில் இருக்கும் வீடு அரிது. பூச்சு முடியாத சுவரில் டேப் பிடிக்கிறோம். "நாலு பர்னர் அடுப்புதான் சார்" என்று வாய் வார்த்தையில் கேட்டு வந்து வெட்டுகிறோம். பிறகு வீட்டுக்காரர் வேறு மாடல் வாங்கி வருகிறார்.

ஆகவே மேடைக்கு அடியில் வரும் அலமாரியோ தாங்கு சுவரோ முடிந்த பிறகு மட்டும் அளவெடுங்கள். சிங்க், அடுப்பு, குழாய் மூன்றும் வீட்டில் வந்து இறங்கியிருக்க வேண்டும். டேப்பை நம்பாமல், மெல்லிய பிளைவுட்டில் மேடையின் முழு வார்ப்புருவையும் வெட்டி எடுத்து, அதன்மேல் கல்லில் கோடு போடுங்கள். பின்சுவர் பக்கம் 5 முதல் 10 மில்லிமீட்டர் குறைத்தே அறுங்கள். மேடைக்குப் பிறகு சுவர் டைல் ஒட்டினால் அந்த இடைவெளி மறைந்துவிடும். ஒற்றைப் பிடிக் குழாய்க்கு வழக்கமான 35 மில்லிமீட்டர் ஓட்டையைப் பட்டறையிலேயே போடுங்கள். அடுப்பு வெட்டின் மூலைகளில் முதலில் ஓட்டை போட்டு, பிறகு ஓட்டைக்கு ஓட்டை வெட்டினால் மூலையில் விரிசலும் விடாது. அப்படியும் வீட்டில் ஓர் ஓட்டை தேவைப்பட்டால், அந்த இடத்தைச் சுற்றிப் புட்டியால் வளையம் கட்டி, தண்ணீர் நிரப்பித் துளையிடலாம். அதற்கு மேல் வெட்ட வேண்டி வந்தால் கல்லை வண்டியில் ஏற்றித் திரும்பக் கொண்டுபோங்கள்.

வண்டிச் செலவை யார் தருவது என்று அடுத்து கேட்பீர்கள். சதுர அடி விலைக்குள் அதை ஒளித்து வைக்காதீர்கள். "வார்ப்புரு எடுக்கும் கட்டணம்" என்று விலைப்பட்டியலில் தனி வரியாக எழுதி, அடுப்பு மாடலை மாற்றினால் கூடுதல் தொகை என்று கீழே கையெழுத்து வாங்குங்கள். வீட்டில் உலர் வெட்டு கிடையாது என்பதையும் அதே தாளில், பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.