கல்யாண டிவிடி நடுவில் நின்றால்

2009-ல் எடுத்த எங்கள் கல்யாண டிவிடி, தாலி கட்டும் இடத்தில் நின்றுவிடுகிறது. பென்டிரைவில் ஏற்றினால் டிவியில் படம் வருகிறது, மேளச் சத்தம் இல்லை. என்ன செய்வது? – வாசகி, திருத்தங்கல்

கவலைப்படாதீர்கள் அம்மா, தாலி கட்டியது பெரும்பாலும் வட்டிலேயேதான் இருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் வட்டைக் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்கவே கூடாது. பதிவு சுருளாக ஓடுவதால், அதே திசையில் விழும் கீறலைப் பிளேயர் சரிக்கட்டுவது கடினம். பிறகு கம்ப்யூட்டர் டிரைவில் போட்டுப் பாருங்கள். பிளேயர் திணறும் வட்டைச் சில டிரைவ்கள் படித்துவிடும்.

படித்ததும் ‘வீடியோ_டிஎஸ்’ ஃபோல்டரை முழுதாகக் காப்பி செய்யுங்கள். சத்தம் வராததற்குக் காரணம், டிவிடியில் பரவலாக இருக்கும் டால்பி ஒலியைப் பல டிவிகள் பென்டிரைவிலிருந்து வாசிப்பதில்லை. ‘ஹேண்ட்பிரேக்’ என்ற இலவச மென்பொருளில் அந்த ஃபோல்டரைத் திறந்து, ஒலியை ‘ஏஏசி’ என்று வைத்து, எம்பி4-ஆக மாற்றுங்கள். மேளம் கேட்கும்.

இதை இந்த வாரமே செய்துவிடுங்கள். ஸ்டுடியோவில் எழுதித் தரும் வட்டில் பதிவைத் தாங்குவது ஒரு சாயம். பட்டாசைக் காயவைக்கும் நம் ஊர் வெயில் அதற்கு ஆகாது.